நேர்காணலில் தன்மை ஒருமை

இது சற்று நீண்ட பதிவு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்து ஆண்டுதோறும் நம்மிடையே நடக்கும் விவாதம் நீட் தேர்வில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்: நேர்காணல். மருத்துவம் படிக்க நேர்காணல் என்பதெல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடப்பது என்று நினைப்பவர்கள் பலர். நான் குடியிருக்கும் புனே விமான் நகரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், வானவடியில், ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இன்றும் இளநிலை மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் உண்டு.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; தமிழ்நாட்டு மாணவர்களுள் பலருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரிவதில்லை. 1948 மே முதல் நாள் உருவான இக்கல்லூரிக்கு முன்பு தனி நுழைவுத் தேர்வு இருந்தது. இப்போது நீட் மதிப்பெண்தான் முதல் வாயில். விருப்பமுள்ளோர் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் இக்கல்லூரியைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அவர்களுள் வரிசையில் முன்னிற்பவர்கள் புனேக்கு அழைக்கப்படுவார்கள். இங்கே ஆங்கிலத்தையும் தருக்கத் திறனையும் சோதிக்கும் கணினித் தேர்வு ஒன்று: 40 வினா, 80 மதிப்பெண், அரை மணி நேரம். உளவியல் மதிப்பீடும் 50 மதிப்பெண்ணுக்கு நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மொத்தம் 150 இடங்கள். அவற்றுள் 5 நட்பு நாடுகளின் மாணவர்களுக்கு உரியவை. எஞ்சிய 145இல் 115 ஆண்களுக்கு, 30 பெண்களுக்கு. கல்விக் கட்டணம் கிடையாது. படித்து முடித்தபின் படைத்துறையில் மருத்துவ அலுவலராகப் பணிபுரிய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் பெருந்தொகை கட்ட வேண்டும். பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் தம் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கையெழுத்திட்டுத் தருகிறார். அப்படிப்பட்டவரை நேரில் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று படைத்துறை நினைப்பதில் எனக்கு முரண்பாடு இல்லை.

2023 மழைக்காலத்தில் என் சித்தி மகளுக்கு அந்த அழைப்பு வந்தது. ஊர் சங்கரன்கோவில். சித்தப்பா விசைத்தறியில் வேலை பார்ப்பவர். இருவரும் விருதுநகரில் நாகர்கோவில்–மும்பை வண்டியைப் பிடித்து, ஒரு பகலும் ஓர் இரவும் அதற்கு மேலும் பயணம் செய்து, நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். "நீ பேச்சைப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்ற, அவளுக்குப் பேசக் கத்துக்குடு" என்று சித்தி தொலைபேசியில் சொல்லியிருந்தார். மொழியியல் படித்தவர்களிடம் உறவினர் வைக்கும் வேண்டுகோள்களுள் இது ஒப்பீட்டளவில் நியாயமானது. வழக்கமாக, "எத்தனை மொழி தெரியும்?" என்றுதான் கேட்பார்கள்.

அவளுடைய ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. மேனிலையில் ஆங்கில வழி. நம் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கில வழி என்பதன் பொருள் ஆங்கிலத்தில் எழுதுதல் என்பதே. ஆசிரியர் தமிழில் விளக்குவார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவார்கள். நமக்கு எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என ஏற்கெனவே இரட்டை வழக்கு; அதன்மேல் எழுதுவதற்கு மட்டுமான ஆங்கிலம் என்று மூன்றாவது அடுக்கு. சிறுநீரகத்தின் நுண்குழல்களைப் பற்றிப் பிழையில்லாமல் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய அவள், "பயணம் எப்படி இருந்தது?" என்னும் கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லத் திணறினாள். ஆகவே கணினித் தேர்வைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. நேர்காணல்தான்.

முதல் மாலை மாடத்தில் உட்கார்ந்து ஒத்திகை. விமான் நகரில் மாடத்தில் உட்கார்ந்து பேசுவது எளிதன்று. லோகேகாவ் விமானப் படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. சுகோய் ஒன்று கிளம்பினால் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி அவளுக்குப் பிடித்திருந்தது. விடையை யோசித்துக்கொள்ளக் கிடைத்த அரசாங்க அவகாசம் என்று சிரித்தாள்.

முதலில் தமிழிலேயே கேட்டேன். "ஏன் டாக்டராகணும்?"

"வீட்ல எல்லாருக்கும் ஆசைக்கா. மார்க்கும் வந்துட்டு."

அதையே ஆங்கிலத்தில் கேட்டதும் குரல் மாறியது. யூடியூபில் மனப்பாடம் செய்திருந்த விடை வந்தது: மனித குலத்துக்குத் தொண்டாற்றுதல், சிறு வயது முதலே கனவு, வெள்ளை அங்கியின் மீதான மதிப்பு. மூன்று வாக்கியங்கள். அவற்றுள் அவளை அடையாளம் காட்டும் ஒரு சொல்கூட இல்லை. மனப்பாடத்தை விட்டுவிட்டுச் சொல் என்றேன். மறுபடியும் சொன்னாள். அவள் இசைவோடு அதைப் பதிவு செய்து இரவு கேட்டுப் பார்த்தேன். அப்பா சொன்னார், உயிரியல் சார் உன்னால் முடியும் என்றார், எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இல்லை, எங்கள் ஊரில் பெரிய மருத்துவமனை இல்லை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயாகவும் வேறொருவர் இருந்தார். தன்மை வந்த இடத்தில் பன்மை வந்தது. தன்மை ஒருமை தப்பித்தவறித்தான் தலைகாட்டியது.

இங்கே மொழியியல் மாணவர்கள் உடனே கைதூக்குவார்கள் என்று தெரியும். தமிழில் விருப்பம், அறிவு, பசி, வலி எல்லாம் நான்காம் வேற்றுமை கொண்டு வருபவை: எனக்கு ஆசை, எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது. ஆங்கிலத்தில் விரும்புகிறவர் எழுவாயாக நின்று வினையை ஆள்கிறார். தமிழில் ஆசை நம்மிடம் வந்து சேர்கிறது. கவர்ச்சியான விளக்கம். ஆனால் மொழி சிந்தனையைச் சிறையிடுகிறது என்னும் வாதத்தை நான் ஏற்பவள் அல்லள். "நான் முடிவு செய்தேன்" என்று சொல்லத் தமிழ் இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. சந்தையில் விலை பேசும்போதும் சண்டை போடும்போதும் நாம் 'நான்' என்பதைத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். தடை வழக்கில் இருக்கிறது. பெரியவர்கள் முன் உட்கார்ந்து, கேட்கப்பட்டதும் தன் பெருமையைத் தானே எடுத்துச் சொல்வது நம் பெரும்பாலான வீடுகளில் வளர்ப்புக் குறையாகவே எண்ணப்படும். நேர்காணல் என்னும் பேச்சு வகை கேட்பதோ அதைத்தான்.

இந்த இடத்தில் ஜான் கம்பர்ஸைப் பற்றி ஒரு பத்தி. விமான் நகரிலிருந்து சற்றுத் தொலைவில், எரவாடாவில் இருக்கும் டெக்கான் கல்லூரி 1950களில் நடத்திய மொழியியல் திட்டத்தோடு தொடர்புடையவர் அவர். இந்தியச் சிற்றூர்ப் பேச்சிலிருந்துதான் தம் கேள்விகளைத் தொடங்கினார். பின்னாளில் இங்கிலாந்து விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவகத்தில் அவர் கவனித்தது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆயிற்று. இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் அங்கே பரிமாறினார்கள். அவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார். கம்பர்ஸ் பதிவு செய்து கேட்டபோது தெரிந்தது இது: இறைச்சிக்குக் குழம்பு வேண்டுமா என்று கேட்கும் ஆங்கிலப் பெண்கள் அந்த ஒற்றைச் சொல்லை ஏறும் தொனியில் சொன்னார்கள், தெற்காசியப் பெண்கள் இறங்கும் தொனியில் சொன்னார்கள். முன்னது ஆங்கிலக் காதுக்கு உபசரிப்பு. பின்னது, 'இதோ குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்னும் அலட்சியம். சொல் ஒன்றே. பேசியவர் மனத்தில் அலட்சியம் இல்லை. கேட்டவர் காதில் இருந்தது. அதைக் கேட்டவர்கள் தொனி வேறு என்று எண்ணவில்லை, ஆள் சரியில்லை என்று எண்ணினார்கள். நேர்காணலின் அபாயம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பேச்சு வகை பழகாததால் வரும் தயக்கம், ஆளின் குணமாக மதிப்பெண் தாளில் இறங்கிவிடும்: தன்னம்பிக்கை குறைவு, சுயமாக முடிவெடுக்கத் தெரியாதவர், தெளிவில்லை.

இரண்டாம் நாள் காலை, போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பாதான் அந்தச் செய்தியைச் சொன்னார், அதுவும் வேறெதையோ பேசிக்கொண்டு வந்தபோது. "தெருவுல யாரு மாத்திரை வாங்கிட்டு வந்தாலும் இவகிட்டதான் காட்டுவாங்க." விசாரித்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஒருவர் கேட்டார். பிறகு தெருவே கேட்கத் தொடங்கியது. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்தார். இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்கியவை. பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டையும் நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில் இருந்த வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் மெட்ஃபார்மின் என்றே இருந்ததை இவள் கவனித்திருக்கிறாள். ஒரே சர்க்கரை மருந்து, இரட்டிப்பு அளவில். நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி, ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"இதை ஏன் நீ நேத்து சொல்லல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

இந்த 'ஒண்ணுமில்ல' ஆய்வுக்கு உரிய சொல். தன் செயலின் அளவை மறுக்கும் சொல் அது; செயலை மறுப்பதில்லை. உரையாடலில் அடுத்தவருக்கு, 'அப்படிச் சொல்லாதே, பெரிய விஷயம்தான்' என்று மறுக்கும் வாய்ப்பைத் தருகிறது. புகழ் இப்படிச் சுற்றி, பிறர் வாய் வழியாக வந்து சேர்வதே நம் மரபு. நேர்காணல் அறையில் அந்த அடுத்தவர் இருக்க மாட்டார். 'ஒன்றுமில்லை' என்றால் ஒன்றுமில்லை என்று குறித்துக்கொள்வார்கள்.

தன்னம்பிக்கை வேண்டும், துணிந்து பேசு என்றெல்லாம் அவளிடம் சொல்வதில் பயனில்லை என்று பட்டது. மாறாக நன்னூலை எடுத்தேன். பவணந்தி முனிவர் பாயிரவியலில் தற்புகழ்ச்சி குறித்து அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் வைத்திருக்கிறார். முதலாவது நாம் எதிர்பார்ப்பது: எவ்வளவு அரிய துறைகளைப் படைத்து முடித்தவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகாது. பெரும்பாலோர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த நூற்பா விலக்குகளைச் சொல்கிறது. நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்தல் தகும்: அரச அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிர்த் தரப்பு தன்னைப் பழிக்கும்போது. முதலாவது விண்ணப்பம், இரண்டாவது நேர்காணல் என்று அவளே சொன்னாள். பதிமூன்றாம் நூற்றாண்டு இலக்கணக்காரர் அனுமதித்திருக்கிறார் என்றதும் அவள் தோள்கள் தளர்ந்ததைக் கண்டேன். மரபை மீறச் சொல்லும்போது வராத துணிவு, மரபிலேயே இடமிருக்கிறது என்னும்போது வருகிறது. இது என் ஆய்வு முடிவு அன்று. ஒரே ஒருவரிடம் கண்டது.

அந்த மாலையும் மறுநாளும் இரண்டே காரியங்கள் செய்தோம். மனப்பாடம் செய்த மூன்று வாக்கியங்களைக் கைவிட்டோம். மெட்ஃபார்மின் நிகழ்ச்சியை ஆங்கிலத்தில், நிகழ்ந்த வரிசையில், 'நான் பார்த்தேன், நான் எழுதினேன், நான் அனுப்பினேன்' என்று சொல்லப் பழகினோம். தொண்டு, கனவு, சேவை என்னும் பெயர்ச்சொற்களுக்கு மாற்றாக நடந்ததைச் சொல்லும் வினைச்சொற்கள். உச்சரிப்பில் கை வைக்கவில்லை. வை என்னும் இடத்தில் நாக்கை எங்கே வைப்பது என்று இரண்டு நாளில் கற்பிப்பதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்கள் மீது எனக்கு மதிப்பில்லை. அவை பிள்ளைகளைப் பேசவிடாமல் செய்வதே மிகுதி.

நேர்காணல் நாளன்று மழை. தத்த மந்திர் சௌக்கில் ஆட்டோ பிடித்து மூவரும் போனோம். வெளியே காத்திருந்த பெற்றோருள் படைத்துறைக் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகள் நின்ற விதம், 'சார்' என்ற விதம், சட்டையின் மடிப்பு எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் தெரிந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அந்தப் பேச்சு வகையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அது அவர்கள் குற்றமன்று. நெசவுக்காரர் பிள்ளைக்குப் பாவும் ஊடையும் தெரிவது போலத்தான். ஃபிரெடெரிக் எரிக்சனும் ஜெஃப்ரி ஷுல்ட்ஸும் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் ஆலோசனை உரையாடல்களைப் படமெடுத்து ஆராய்ந்து 1982இல் எழுதிய நூலில் காட்டியது இதனோடு ஒட்டியது. ஆலோசகரும் மாணவரும் பேச்சின் நடுவே ஏதோ ஒரு பொது உறவைக் கண்டுகொண்டால், ஒரே விளையாட்டு, ஒரே பள்ளி, பொதுவாகத் தெரிந்த ஒருவர், அதன்பின் ஆலோசகர் தரும் உதவியின் அளவே மாறுகிறது. இனம் வேறாக இருந்தாலும் அந்தச் சிறு ஒட்டு வேலை செய்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நேர்காணல் நடக்கும் எந்த அறைக்கும் இது பொருந்தும், நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டச் சேர்க்கை அறைகள் உட்பட.

அவள் திரும்பி வந்து சொன்னது: மரியாதையாக நடத்தினார்கள். அவசரப்படுத்தவில்லை. ஊரைப் பற்றி, ஆடித்தபசு பற்றிக்கூடக் கேட்டார்கள். பிறகு ஏன் மருத்துவம் என்ற கேள்வி வந்தபோது மாத்திரைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஓர் அலுவலர், "நீ சொன்னது தவறாக இருந்திருந்தால்?" என்று கேட்டாராம். "நான் நிறுத்தச் சொல்லவில்லை சார், போய்க் கேட்கச் சொன்னேன்" என்றாளாம். அதன் பிறகு அவர் சிரித்தாரா என்று சித்தப்பா மூன்று முறை கேட்டார். அவள் கவனிக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு நேர்காணல் புதிதன்று என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். ஒரு காலத்தில் நம் மாநில மருத்துவக் கல்லூரிகளிலேயே அது இருந்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கு அதைப் பற்றியது. நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பிற சேவைகள், உடல்நிலை, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. தேர்வுக் குழுக்கள் அப்படிப் பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தன. அது சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம். கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துச் சேர்த்த முறையையும் தள்ளியது. அதற்கு முன் 1964இல் மைசூர் மாநிலத்து சித்ரலேகா வழக்கில் நேர்காணல் முறையை நீதிமன்றம் ஏற்றிருந்தது. 1980இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பேசிவிட்டு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்குத் தந்தது நியாயமற்றது என்றும், நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. மொத்தமாக ஓர் எண்ணைப் போடுதல் என்பதில் என் கண் நிற்கிறது. ஐந்து தலைப்பு வேண்டும் என்ற விதி, பேச்சைக் கேட்டு ஆளை மொத்தமாக எடைபோடும் பழக்கத்துக்கு எதிரான ஒரு தடுப்பு. அதைக் குழுக்கள் முதலில் கைவிட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மனிதர் மனிதரைக் கேட்கும் விதமே அது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைக் குறிப்பிடாமல் இது முழுமையாகாது. அங்கே எழுத்துத் தேர்வுக்குப் பின் தேர்வர்களை வரவழைத்துச் சில நாட்கள் தங்கவைத்து, நேர்காணலும் குழுச் செயல்களும் நடத்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. நீட் கட்டாயமான 2017இல், தம் முறையில் தேர்ந்தெடுக்க முடியாதென்றால் சேர்க்கையே வேண்டாம் என்று நூறு இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டுக் கல்லூரி வழக்காடியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று முடித்துவைத்தது. அந்த நேர்காணலில் தேறி, சிற்றூர் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்தவர்களை நான் அறிவேன். அது நல்ல நேர்காணலாக இருந்திருக்க வேண்டும். நாட்கணக்கில் ஒருவரைப் பார்ப்பதும் சில நிமிடம் கேட்பதும் வேறு வேறு.

நேர்காணலுக்கு எதிரான வலுவான சான்று அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வருகிறது. 1979இல் டெக்சாஸ் சட்டமன்றம் அங்குள்ள அரசு மருத்துவப் பள்ளியை மேலும் 50 மாணவரைச் சேர்க்கச் சொன்னது. நேர்காணலுக்கு வந்த 800 பேரில் கிடைத்தவர்கள் வரிசையின் அடியில், 700க்குக் கீழே இருந்தவர்களே. வேறு வழியின்றிச் சேர்த்தார்கள். படிப்பின் இறுதியிலும் பயிற்சி மருத்துவத்தின் முதல் ஆண்டிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வரிசையில் அவர்களைக் கீழே தள்ளியதில் பெரும்பங்கு நேர்காணலுடையது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வேறு வழி கண்டது. 2004இல் அவர்கள் வெளியிட்ட முறையில் ஒரே குழு, ஒரே உரையாடல் இல்லை. பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூழல், எட்டு நிமிடம், வெவ்வேறு மதிப்பீட்டாளர். ஓர் அறையில் தடுமாறினால் அடுத்த அறைக்கு அந்தத் தடுமாற்றம் கூடவே வராது. ஸ்கார்பரோவில் இருக்கும் என் தோழியின் தம்பி இதற்காக மாதக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயின்றான் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தப் பேச்சு வகைக்கும் விரைவில் ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. இருப்பினும், "உன்னைப் பற்றிச் சொல்" என்பதைவிட, "பாட்டி இரண்டு அட்டைகளோடு வருகிறார், என்ன செய்வாய்?" என்பது நியாயமான கேள்வி. பின்னதற்கு விடை சொல்லத் தற்புகழ்ச்சி தேவையில்லை.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பெண்களுக்கு முப்பது இடங்கள். நாடு முழுவதிலுமிருந்து போட்டி. நீட்டிலோ கணினித் தேர்விலோ நேர்காணலிலோ எங்கே குறைந்தது என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. நேர்காணல்மீது பழிபோட்டால் இந்தப் பதிவு எடுப்பாக இருக்கும். ஆனால் அதற்குச் சான்று இல்லை. சித்தப்பாவுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். கட்டணமில்லாப் படிப்பு என்பதை அவர் வண்டியில் வரும்போதே பலமுறை கணக்குப் போட்டிருந்தார். அந்த ஆண்டே மாநிலக் கலந்தாய்வில், நேர்காணல் ஏதுமின்றி, தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கே யாரும் ஏன் மருத்துவம் என்று கேட்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு சிறு வருத்தம் என்று பிறகு சொன்னாள்; விடை தயாராக இருந்ததாம்.

இப்போது அவள் நோயாளிகளிடம் வரலாறு கேட்டு எழுதும் கட்டத்தில் இருக்கிறாள். நோயாளி தன் சொற்களில் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் வகைப்படுத்தி, பேராசிரியர் முன் ஒப்பிக்க வேண்டும். நேர்காணல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இப்போது கேட்கும் பக்கத்தில். சென்ற மாதம் இரவு பத்து மணிக்கு அழைத்தாள். "அக்கா, மயக்கம்னா என்ன?" வெளிநோயாளிப் பிரிவில் முதியவர் ஒருவர் 'மயக்கமா வருது' என்றிருக்கிறார். பாடநூலில் தலை சுழல்வது ஒன்று, கண் இருண்டு விழப்போவது இன்னொன்று, நினைவிழந்து விழுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணங்கள் வேறு, செய்ய வேண்டிய சோதனைகள் வேறு. தமிழில் மயக்கம் மூன்றையும் குறிக்கும். வெறும் அசதியையும் குறிக்கும். அவள் அவரிடம், "சுத்துதா, கண்ணு இருட்டுதா, விழுந்துட்டீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். அவர் நெடுநேரம் யோசித்து, "கிறுகிறுன்னு வருதும்மா" என்றாராம்.

அன்று முதல் இருவரும் ஒரு பட்டியல் தயாரிக்கிறோம்: மயக்கம், கிறக்கம், கிறுகிறுப்பு, தலைசுற்று, கண்ணைக் கட்டுதல், தள்ளாட்டம். கிறுகிறுப்பும் தலைசுற்றும் ஒன்றா என்பதில் சிக்கிக்கொண்டு நிற்கிறோம். சங்கரன்கோவில் பக்கத்தவர் ஒருவர் வேறு என்கிறார். முன்னது நின்றால் வருவது, பின்னது படுத்தாலும் வருவது என்று விளக்கமும் தந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர் இரண்டும் ஒன்று என்கிறார். தென்மாவட்டத்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதினால் உதவியாக இருக்கும்.